உட்கார இடம் தரும் ஊர்

ஹவுரா பாலத்தைக் கடந்ததும் மகாத்மா காந்தி சாலை தொடங்குகிறது. கிழக்கே நேராக நடந்தால் முதலில் படா பஜார். துணிப் பொதிகள், மசாலாக் கிடங்குகள், வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடும் தலைச்சுமைக்காரர்கள், பொதி ஏற்றிய கைவண்டிகள். நின்று வேடிக்கை பார்க்க வழியில்லை, கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு கிலோமீட்டருக்குள் அந்தத் தலைகளில் இருக்கும் சுமை மாறிவிடுகிறது. துணிக்குப் பதில் சணல் கயிறு போட்டுக் கட்டிய புத்தகக் கட்டுகள். சட்டம், மருத்துவம், நர்சரிப் பாடல், ரயில்வே தேர்வுக்கான வினா விடை எல்லாம் ஒரே தலையில் போகின்றன. காலேஜ் ஸ்ட்ரீட் வந்துவிட்டது.

ஒரு தெருவில் இத்தனை கல்வி நிலையங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 1817இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கி, 1855இல் பெயர் மாறி, 2010இல் பல்கலைக்கழகமான பிரசிடென்சி. பக்கத்திலேயே ஹேர் பள்ளி. அடுத்து கல்கத்தா பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே 1857இல்தான் இதுவும் பிறந்தது. இன்னும் தெற்கே போனால் 1835இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி. குறுக்குத் தெருவில் 1824ஆம் ஆண்டின் சம்ஸ்கிருதக் கல்லூரி. பிராமணருக்கும் வைத்திய சாதியாருக்கும் மட்டுமே திறந்திருந்த அதன் கதவை மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டவர் அங்கே முதல்வராக இருந்த வித்யாசாகர். நடுவில் ஒரு பெரிய குளம். அதைச் சுற்றியுள்ள காலேஜ் ஸ்கொயரில் டேவிட் ஹேரின் கல்லறை இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து கடிகாரத் தொழில் செய்ய வந்த ஹேர், சம்பாதித்ததையெல்லாம் இந்தப் பகுதியின் பள்ளிகளுக்குச் செலவழித்தார். 1842இல் காலராவில் இறந்தபோது மத நம்பிக்கை இல்லாதவர் என்று கிறித்தவ இடுகாட்டில் இடம் மறுத்துவிட்டார்கள். மாணவர்கள் நடமாடும் இந்தக் குளக்கரையில்தான் அவரைப் புதைத்தார்கள்.

என் தலைமுறைத் தமிழ் வாசகர்கள் பலருக்குக் கொல்கத்தா போகாமலே பழகிய ஊர். த.நா. குமாரஸ்வாமி, த.நா. சேனாபதி, சு. கிருஷ்ணமூர்த்தி ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் வழியாக அதன் சந்துகளில் நாங்கள் அலைந்திருக்கிறோம். அந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருபவன் கிராமத்திலிருந்து படிக்க வந்த ஏழைப் பையன். விபூதிபூஷணின் அபு அப்படிப்பட்டவன்தான். சத்யஜித் ராயின் 1956ஆம் ஆண்டுப் படத்தில் அவன் பகலில் கல்லூரியிலும் இரவில் அச்சகத்திலும் இருக்கிறான். கையில் காசில்லாத ஒருவனை அவ்வளவு பெரிய நகரம் எப்படி வைத்துக் காப்பாற்றியது என்ற கேள்வி பல வருடங்களாக என்னிடம் இருந்தது. இப்போது அண்ணன் மகள் ஜாதவ்பூரில் ஒப்பிலக்கியம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தை மாதக் குளிரில் ஹவுரா மெயிலில் ஏறிச் சென்னையிலிருந்து 1,660 கிலோமீட்டர் போனதற்கு இந்த இரண்டும் சேர்ந்து காரணம்.

அவள் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் யோசனை, "கட்டடத்தைப் பாக்காதீங்க சித்தப்பா. யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு பாருங்க" என்பது. அங்கே இருந்த நாட்களில் நான் பார்த்ததெல்லாம் இந்த வார்த்தைகளுக்குக் கட்டுப்பட்டுத்தான்.

நடைபாதைப் புத்தகக் கடைகள் பலகையும் தகரமும் கொண்டு அடித்த பெட்டிகள். கடைக்காரர் அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் கூரைவரை புத்தகம். புருலியா பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இயற்பியல் பாடநூல் கேட்டான். "எந்த வருஷம்? எந்தக் கல்லூரி?" என்று விசாரித்துவிட்டுக் கடைக்காரர் பழைய பதிப்பு ஒன்றை இழுத்துப் போட்டார். புதிய பதிப்பில் இரண்டு அத்தியாயம்தான் கூடுதல், அதை நண்பனிடம் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள் என்று வங்காளத்தில் அவர் சொன்னதை அண்ணன் மகள் எனக்குச் சொன்னாள். பருவம் முடிந்ததும் புத்தகத்தைக் கசங்காமல் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். இந்தத் தெருவில் பாதிப் புத்தகங்கள் இப்படிக் கைமாறிக்கொண்டே இருப்பவை. முதல் பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக நாலைந்து பெயர்கள், நாலைந்து ஆண்டுகள். அந்தப் பையனின் பெயரும் அங்கே ஏறும்.

வாங்கக்கூட வேண்டாம் என்ற அளவுக்குக் கடைகள் தாராளமாக இருந்ததற்கு அமர்த்தியா சென்னின் தன்வரலாறு சாட்சி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் பிரசிடென்சியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். கென்னத் ஆரோ சமூகத் தேர்வு பற்றி எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. அதன் ஒரு பிரதி தெருவிலிருக்கும் தாஸ்குப்தா கடைக்கு வந்தது. வாங்க வசதியில்லை. சென்னின் வகுப்புத் தோழர் சுகமய் சக்கரவர்த்தி கடையிலிருந்து அதை இரவல் வாங்கிவந்து படித்துவிட்டுச் சென்னிடம் கொடுத்தார். சென்னுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்த துறை அந்த இரவல் புத்தகத்தில் அவருக்குத் திறந்தது. சென்னின் மாணவப் பருவத்தில் இன்னொரு சம்பவமும் உண்டு. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கியிருந்தபோது வாய்க்குள் ஒரு கட்டி இருப்பதை உணர்ந்தார். மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. அதே விடுதியில் இருந்த மருத்துவ மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த புத்தகங்களைப் படித்து, அது புற்றுநோய் என்று தானே கண்டுபிடித்தார். பதினெட்டு வயதுப் பையன் உயிர் தப்பியதில் இந்தத் தெருவின் அமைப்புக்கும் பங்கு இருக்கிறது. பொருளாதாரம் படிப்பவனும் மருத்துவம் படிப்பவனும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்கிய ஊர் இது. துறைக்கொரு வளாகம், வளாகத்துக்கொரு மதில் என்று நாம் ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கும் கல்லூரிகளில் இது நடக்காது. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு வருடம் அடைபட்டு வெளியே வரும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

டேமர் லேன் என்ற குறுகலான சந்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் சிற்றிதழ் நூலகம் இருக்கிறது. 1972இல் தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் கழித்துக்கட்டப்படுவதைப் பார்த்துக் கொதித்துப்போன சந்தீப் தத்தா என்ற இளைஞர், 1978இல் தன் வீட்டிலேயே இதைத் தொடங்கினார். பள்ளி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே சேர்த்தார். 2023இல் இறந்தார். ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் தேடிவரும் இடம். 'எழுத்து', 'கசடதபற' இதழ்களை வீட்டுப் பரணில் வைத்துக் கறையானோடு போராடியவர்களை அறிந்த எனக்கு அந்த அலமாரிகளின் முன்னால் நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிரசிடென்சியின் எதிர்ச் சந்தில் மாடிப்படி ஏறினால் காபி ஹவுஸ். ஆல்பர்ட் ஹால் என்று 1876இல் அமைந்த அரங்கில் 1942இல் காபி வாரியம் தொடங்கிய கடை. ஐம்பதுகளின் இறுதியில் வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் நாடெங்கும் உருவாயின. இந்தக் கடையும் கூட்டுறவின் கைக்கு வந்தது. இரண்டு மாடி உயரத்துக்கு வெட்டவெளியான கூடம், மேலே சுற்றிவரத் தாழ்வாரம், நீண்ட தண்டுகளில் தொங்கும் விசிறிகள், சுவரில் தாகூரின் பெரிய படம், தலைப்பாகையில் விசிறி மடிப்பு வைத்த பரிமாறுபவர்கள். சத்தம் காதை அடைக்கும். நூறு மேஜையிலும் பேச்சு. பக்கத்து மேஜைப் பேச்சு நமக்குக் கேட்காது, நாம் பேசுவதும் அவர்களுக்குக் கேட்காது. அந்தச் சத்தமே ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு தடுப்பாக இருக்கிறது.

பால் சேர்க்காத காபியை இங்கே இன்ஃப்யூஷன் என்கிறார்கள். பட்டியலிலேயே மலிவானது அதுதான். நாலு பேர் வந்து இரண்டு இன்ஃப்யூஷன் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பில்லைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து எழுப்புவதில்லை. காபியைப் பற்றித் தமிழனிடம் கேட்டால், சுமார்தான் என்று சொல்வேன். கும்பகோணத்துக்காரர் ஒருவாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார். ஆனால் அங்கே விற்பது காபி இல்லை, நாற்காலியும் நேரமும். சுனில் கங்கோபாத்யாயும் நண்பர்களும் 1953இல் தொடங்கிய 'க்ருத்திபாஸ்' கவிதை இதழின் கூட்டம் இந்த மேஜைகளில்தான் கூடியது. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கவி ஆலன் கின்ஸ்பெர்க் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்த அண்ணன் மகளின் தோழர்கள் ஒரு மொழிபெயர்ப்பில் நெருங்கியவர்மேல் வரும் மனத்தாங்கலான வங்காள 'அபிமானை' எப்படிக் கொண்டுவருவது என்று தொடங்கி, மாநகராட்சித் தேர்தலுக்குப் போய், மோகன் பகான் ஆட்டத்தில் நடுவர் செய்த அநியாயத்தில் வந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் இடையிடையே தலைகுனிந்து கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒப்படைக்க வேண்டியதாம். வகுப்பில் பேசத் தயங்குகிறவர்கள்கூட இங்கே மேஜையைத் தட்டிப் பேசுகிறார்கள் என்றாள் அண்ணன் மகள். பேராசிரியரும் பக்கத்து மேஜையில் இருப்பார். மதிப்பெண் போடுகிறவராக இல்லாமல், இன்னொரு இன்ஃப்யூஷன்காரராக.

சாப்பாட்டுக்கும் இந்த ஊர் இப்படியே ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. பைஸ் ஹோட்டல் என்று பெயர். பைசாக் கணக்கில் சாப்பாடு போட்ட காலத்தில் வந்த பெயர். பிரசிடென்சிக்குப் பின்னால் பவானி தத்தா சந்தில் இருக்கும் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் அவற்றில் பெயர்போனது. மாணவராக இருந்தபோது சுபாஷ் சந்திர போஸ் இங்கே சாப்பிட்டிருக்கிறார் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நீண்ட மேஜையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வேண்டும். வாழையிலைக்கு ஒரு காசு, சோற்றுக்கு ஒரு காசு, பருப்புக்கு, கசகசாக் கறிக்கு, எலுமிச்சைத் துண்டுக்கு என்று தனித்தனியே விலை. பரிமாறுகிறவர் நாம் வாங்கியதையெல்லாம் மனத்தில் வைத்திருந்து எழுந்ததும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். கையில் இருக்கிற காசுக்குச் சோறும் பருப்பும் மட்டும் தின்றுவிட்டு எழலாம், மாதத் தொடக்கத்தில் பெரிய மீன் துண்டு வாங்கலாம். ஒரே மேஜையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று இரண்டே வகையாகப் பிரிக்கிற நம் மெஸ்களைவிட ஏழை மாணவனுக்கு இது உகந்தது என்று எனக்குத் தோன்றியது.

மெஸ் என்றால் அங்கே சாப்பாட்டுக்கடை இல்லை, தங்கும் வீடு. மாவட்டங்களிலிருந்து படிக்கவும் குமாஸ்தா வேலைக்கும் வந்த ஆண்கள் அறைக்கு நாலு கட்டில் போட்டுச் சமையல்காரரை வைத்துக்கொண்டு வாழ்ந்த பழைய மாடி வீடுகள். நம் திருவல்லிக்கேணி மேன்ஷன்களை இதற்குத் தம்பி எனலாம். முன்பு ஹாரிசன் ரோடு என்று அழைக்கப்பட்ட இதே மகாத்மா காந்தி சாலையில் 66ஆம் எண் கட்டடமான பிரசிடென்சி போர்டிங்கில் கவி ஜீவனானந்த தாஸும் துப்பறியும் ப்யோம்கேஷைப் படைத்த சரதிந்து பந்தோபாத்யாயும் தங்கியிருக்கிறார்கள். சிரிப்பு எழுத்தாளர் ஷிப்ராம் சக்கரவர்த்தி முக்தாராம் பாபு தெருவின் மெஸ் அறையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். முகவரிகளையும் கணக்குகளையும் சுவரிலேயே எழுதிவைத்திருந்தார். இன்று மெஸ் வீடுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவருகின்றன. வாரிசுகள் கட்டடத்தை விற்கிறார்கள், சமையல்காரர் கிடைப்பதில்லை, மாணவர்கள் தனியறை கேட்கிறார்கள். நான் ஏறிப் பார்த்த ஒரு மெஸ்ஸில் கட்டில்களில் பாதி காலி.

எல்லோருக்கும் ஒரே மாதிரி இடம் கிடைத்துவிடவில்லை என்பதையும் இந்தத் தெருவேதான் சொல்லித்தருகிறது. டாக்கா அருகிலுள்ள கிராமத்திலிருந்து 1911இல் மேக்நாத் சாஹா பிரசிடென்சியில் படிக்க வந்தார். பின்னால் விண்மீன்களின் வெப்பத்தைக் கணிக்கும் சமன்பாட்டை உலகுக்குத் தந்தவர். ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தார்கள். சாஹா விடுதியை விட்டு ஒரு மெஸ்ஸுக்குப் போனார். விடுதியின் சிவப்புக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மெஸ் என்ற ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் அந்த மாணவன் எங்கே போயிருப்பான் என்று யோசித்தேன்.

தெற்கே நடந்தால் பவ்பஜார் தெரு குறுக்கே வரும். அதில் 210ஆம் எண் தமிழர்களுக்கு உரிமையுள்ள முகவரி. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அங்கேதான் இருந்தது. 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த சி.வி. ராமன், அலுவலகத்துக்குப் போகும் வழியில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார். 1917இல் அரசு வேலையை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1920இல் வத்திராயிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அவரிடம் இயற்பியல் கற்க வந்தார். கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு வெளிப்பட்டபோது ராமனோடு சோதனைக் கருவிகளின் முன்னால் இருந்தவர் அவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையனுக்கு வங்காளத்தில் ஓர் இருக்கை காத்திருந்தது. பழைய கட்டடம் இப்போது இல்லை. அந்த எண்ணில் ஒரு வணிகவியல் கல்லூரி நடக்கிறது. கழகம் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது.

ஜாதவ்பூர் வேறு உலகம். நகரத்தின் தென்கோடி. சியால்தாவிலிருந்து தெற்கே போகும் லோக்கல் ரயிலில் சோனார்பூர், பாருய்பூர் பக்கத்து மாணவர்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். ஷேர் ஆட்டோவில் பின்னால் மூவர், ஓட்டுநர் பக்கத்தில் ஒருவர். சில்லறை இல்லாமல் ஏறினால் ஓட்டுநரோடு தகராறு நிச்சயம் என்பதால் ஒவ்வொரு மாணவியின் பையிலும் நாணயங்களுக்கென்றே ஒரு சின்ன பர்ஸ். பல்கலைக்கழகத்துக்கு வேர், வங்கப் பிரிவினையை எதிர்த்து 1906இல் உருவான தேசியக் கல்விக் கழகம். 1955இல் பல்கலைக்கழகமானது. மறுவருடமே கவி புத்ததேவ போஸ் அங்கே ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார், இந்தியாவில் முதலாவது. பொறியியலுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 2,400 ரூபாய் என்பதை அவள் சொன்னபோது இன்னொருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நம் ஊரில் பள்ளி வேன் கட்டணத்துக்கும் அது காணாது.

அவள் தங்கியிருப்பது பிஜய்கரில். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ முகாம் இருந்த இடம். 1947க்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் இங்கே குடியேறித் தாங்களே காலனியை உருவாக்கினார்கள். சுற்றிலும் உள்ள பல காலனிகள் ஜமீன்தார்களின் காலி நிலத்தில் இரவோடு இரவாகக் கொட்டகை போட்டு, அடியாட்களையும் போலீஸையும் எதிர்த்து நின்று பிடித்தவை. பள்ளிக்கூடமும் கல்லூரியும் அவர்களே கட்டினார்கள். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மாசிமா என்கிறார்கள். கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவர். கணவர் போய்விட்டார், மகன் பெங்களூரில். மூன்று அறைகளை மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். "இடமில்லாம வந்தவங்க நாங்க. இடம் கேட்டு வர்றவங்களை எப்படித் திருப்பி அனுப்புறது" என்று அவர் சொன்னதை அண்ணன் மகள் மொழிபெயர்த்தாள். எனக்கு நாட்டுச்சர்க்கரை போன்ற பழுப்பு நிறச் சந்தேஷ் ஒரு தட்டில் வந்தது. பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும் புது ஈச்சவெல்லம் போட்டது.

அந்த வாரம் சரஸ்வதி பூஜை. நமக்குப் புரட்டாசியில் வருவது அவர்களுக்குத் தையில். பூஜை முடிகிறவரை இலந்தைப்பழம் தின்னக் கூடாது, தின்றால் பரீட்சையில் தோற்போம் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. காலையில் தெருவெல்லாம் மஞ்சள் சேலை. முதல்முறை சேலை கட்டிய பதின்வயதுப் பெண்கள் தடுக்கித் தடுக்கி நடக்க, பையன்கள் புது குர்த்தாவில் அவர்களைத் தொடர்ந்து நடக்க, பள்ளிகள் கதவைத் திறந்துவிட்டு யாரையும் உள்ளே அனுமதிக்கும் நாள்.

ஜாதவ்பூரின் இந்த மகிழ்ச்சியை மட்டும் எழுதினால் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். 2014 செப்டம்பரில் நள்ளிரவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் போலீஸ் புகுந்து மாணவர்களை அடித்தது. மழையில் நனைந்தபடி பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். நாலு மாதத்தில் துணைவேந்தர் விலகினார். அந்தப் போராட்டத்தின் பெருமையை இன்றைக்கும் சுவர் ஓவியங்களில் வைத்திருக்கிற அதே இடத்தில், 2023 ஆகஸ்டில் கிராமத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். ராகிங் கொடுமை என்ற குற்றச்சாட்டில் மூத்த மாணவர்கள் கைதானார்கள். ஈடன் விடுதியில் சாஹாவுக்கு நேர்ந்து நூறு வருடத்துக்கு மேலாகியும் விடுதி அறைக்குள் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் பாதுகாப்பாக இருக்க முடியவில்லை. அரசியல் விழிப்பு மிகுந்த வளாகம் என்ற பெயர் இதை எந்த வகையிலும் குறைத்துவிடாது. அதைப் பற்றிக் கேட்டபோது அண்ணன் மகளின் தோழர்கள் யாரும் சமாதானம் சொல்லவில்லை. "நாங்க பாத்திருக்கணும்" என்று ஒருவன் சொன்னான்.

அடுத்த ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பல்கலைக்கழகம் அருகிலுள்ள 8பி பஸ் நிலையம் கூடுமிடங்களில் ஒன்று. "மாசிமாவும் வந்தாங்க சித்தப்பா. முட்டிவலியோட ரெண்டு மணி வரைக்கும் நின்னாங்க. அன்னிக்கு ராத்திரி இந்த ஊர் எங்களோடதா இருந்துச்சு. மறுநாள்லேருந்து திரும்பவும் ஒம்பது மணிக்கு மேல ஆட்டோல முன் சீட்டு மட்டும் காலியா இருந்தா ஏறலாமா வேணாமான்னு யோசிக்கிறோம்" என்றாள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவிலிருந்துதான் அண்ணனுக்குத் தூக்கம் போனது. முதுகலை முடிந்ததும் மகள் சென்னைக்கு வந்துவிட வேண்டும், முனைவர் பட்டத்தை அங்கேயே செய்யலாம் என்பது அவர் முடிவு. நான் அவளிடம் பேசிச் சம்மதிக்கவைக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு அவள் என்னை லேக் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனாள். தெற்குக் கொல்கத்தாவின் தமிழர் பகுதி. மல்லிகைச் சரம், வாழைப்பூ, அப்பளம், காபித்தூள் அரைக்கும் வாசனை எல்லாம் அங்கே உண்டு. இட்லியைத் தின்றுகொண்டே தோழர்கள் மூன்று பேரிடம் படித்து முடித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி பெங்களூர், ஒருவன் டெல்லி, இன்னொருவன் வெளிநாடு. இங்கே வேலை இல்லை என்பதை வானிலை போலச் சொன்னார்கள். மாசிமாவின் மகன் போன வழி. மாணவர்களை இப்படித் தாங்குகிற நகரம் அவர்கள் பட்டம் வாங்கிய மறுநாள் கைவிரிக்கிறது. தாங்கிய இடங்களும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. 1953இல் டிராமின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா ஏறியதற்கு நகரமே கொந்தளித்து ஏற்றத்தைத் திரும்பப் பெறவைத்தது. ஏழை மாணவனும் தொழிலாளியும் ஏறுகிற வண்டி அது. 1873இல் ஓடத் தொடங்கிய அந்த டிராமை ஒரேயொரு மரபுத் தடத்தோடு நிறுத்திக்கொள்வதாக 2024இல் அமைச்சர் அறிவித்தார். சாலை வேகமாகலாம். மலிவாக, மெதுவாக, ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே போகும் இடம் ஒன்று குறைகிறது. இதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன்.

தோழர்கள் போனபிறகு அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"சென்னையில கன்னிமாரா நூலகம் இருக்கு, ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, எனக்குத் தெரியும் சித்தப்பா. ஆனா நான் வங்காளத்துலேருந்து நேரடியா தமிழுக்குக் கொண்டுவரணும்னு நெனக்கிறேன். இங்கிலீஷ் வழியா இல்லாம. கிருஷ்ணமூர்த்தி சார் மாதிரி இங்கயே இருந்து, இவங்க பேசுறதக் கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் அது வரும். பயமா இருக்கான்னு கேட்டா இருக்கு. அப்பா பக்கத்துல இருந்தாலும் இருக்கும்."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். டேமர் லேன் நூலகத்தில் உட்கார்ந்து கையால் நகலெடுத்த ஒரு சிறுகதை, எதிர்ப்பக்கத்தில் பென்சிலில் அவள் தமிழ். இரண்டு பக்கம் படித்தேன். ஒரு மெஸ் சமையல்காரரைப் பற்றிய கதை. வாக்கியங்கள் நன்றாக நடந்தன.

அன்று மாலை அண்ணனை அழைத்தேன். மாசிமாவைப் பற்றி, 8பி பஸ் நிலையத்தைப் பற்றி, அந்த நோட்டைப் பற்றிச் சொன்னேன். "இன்னும் நாலு வருஷம் இங்கயே இருக்கட்டும்ணா. அவளுக்கு இங்க வேலை இருக்கு" என்றேன். சற்று நேரம் கழித்து அண்ணன், "அந்தம்மா வாடகைய ஏத்துவாங்களான்னு கேட்டியா?" என்றார்.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.